கையில் கிரீஸ் இருக்கு... லாக்புக்கில் கையெழுத்து இருக்கா? விமான இன்ஜினீயர் லைசென்ஸுக்கு அனுபவத்தைப் பதிவுசெய்வது எப்படி?

பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாள்களில் மொபைலைத் திறந்தாலே வரிசைகட்டும் விளம்பரங்களில் ஏ.எம்.இ. படிப்பும் ஒன்று. ஏர்கிராஃப்ட் மெயின்டனன்ஸ் இன்ஜினீயரிங் என்பதன் சுருக்கம் அது. விமானத்துக்கு அருகில் சீருடையில் நிற்கும் இளைஞர், பின்னால் பளபளக்கும் இன்ஜின், கீழே சேர்க்கைக்கான போன் நம்பர். பையனுக்கோ பெண்ணுக்கோ விமானத்தின் மீது ஆசை இருந்தால், கல்விக்கடன் வாங்கியாவது சேர்த்துவிடப் பல பெற்றோர் தயாராகவே இருக்கிறார்கள்.

ஆனால், சேரும்போது பலருக்கும் புரியாத விஷயம் ஒன்று உண்டு. ஏ.எம்.இ. என்பது கல்லூரி கொடுக்கும் பட்டம் அல்ல, அரசு கொடுக்கும் லைசென்ஸ். இந்தியாவில் அதைத் தருவது டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். எல்லாத் தேர்விலும் பாஸானாலும், 'விமானத்தில் கைவைத்து வேலை பார்த்திருக்கிறேன்' என்பதை எழுத்தில் நிரூபிக்கும் வரை அந்த லைசென்ஸ் கைக்கு வராது. எல்.எல்.ஆர். பாஸானவர்கள் எல்லாம் டிரைவர் ஆகிவிட முடியாது, இல்லையா? அதுபோலத்தான் இதுவும்.

அந்த நிரூபணம் இருக்கும் இடம் ஒரு நோட்டுப் புத்தகம். பெயர், லாக்புக். வருடக்கணக்கில் உழைத்தவர்களில் சிலர் லைசென்ஸ் இல்லாமல் தவிப்பதும், கவனமாக எழுதிவைத்தவர்கள் சுலபமாகத் தாண்டிப் போவதும் இந்த நோட்டால்தான்.

எத்தனை ஆண்டு அனுபவம் வேண்டும்?

இந்தியாவில் இந்த லைசென்ஸுக்கான விதிமுறையின் பெயர் சி.ஏ.ஆர். 66. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பின் பார்ட் 66 விதியின் வார்ப்பில் உருவானது இது. விமானத்தையும் வேலையையும் பொறுத்து லைசென்ஸ் பல வகையாகப் பிரிகிறது. ஜெட், டர்போபிராப் விமானங்களின் இன்ஜினையும் உடல் பாகங்களையும் கவனிப்பது பி1.1. பிஸ்டன் இன்ஜின் பொருத்திய சிறிய விமானங்களுக்கு பி1.2. டர்பைன் ஹெலிகாப்டர் என்றால் பி1.3. விமானத்தின் மின்னணுக் கருவிகள், ரேடியோ, நேவிகேஷன் போன்றவற்றுக்கு பி2. லைன் மெயின்டனன்ஸின் எளிய வேலைகளுக்கு ஏ பிரிவு.

பி1.1, பி1.3, பி2 ஆகியவற்றுக்குக் கேட்கப்படும் அனுபவம் இதுதான்:

• தொடர்புடைய தொழில்நுட்பப் பயிற்சி எதுவும் இல்லாதவர்: 5 ஆண்டுகள்
• தொடர்புடைய தொழிலில் திறன்பெற்ற பணியாளராகப் பயிற்சி முடித்தவர்: 3 ஆண்டுகள்
• சி.ஏ.ஆர். 147 அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்தவர்: 2 ஆண்டுகள்

ஏ, பி1.2 போன்ற பிரிவுகளுக்கு இதே வரிசையில் 3, 2, 1 ஆண்டுகள் போதும். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். தேர்வில் ஒவ்வொரு மாட்யூலிலும் 75 சதவிகிதம் எடுக்க வேண்டும்.

அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் படித்தால் அனுபவக் காலம் பாதிக்கும் கீழே குறைகிறது. கல்லூரியின் சி.ஏ.ஆர். 147 அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா, எந்தப் பிரிவுக்கு இருக்கிறது என்பதை முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான். பி1.1-க்கு அங்கீகாரம் உள்ள இடத்தில் பி2 படிக்கச் சேர்ந்தால், அந்தச் சலுகை கிடைக்காது.

கல்லூரி வளாகத்து விமானம் கணக்கில் வருமா?

பல பயிற்சி நிறுவனங்களின் வளாகத்தில் ஓய்வுபெற்ற சிறிய விமானம் ஒன்று நிற்கும். மாணவர்கள் அதில் கழற்றிப் பூட்டிப் பழகுவார்கள். கற்றுக்கொள்ள அது நல்ல இடம்தான். ஆனால், லைசென்ஸுக்கான அனுபவம் என்று விதி சொல்வது, இயக்கத்தில் இருக்கும் விமானங்களில் செய்த பராமரிப்பு வேலையை. அதாவது ஏர்லைன்ஸ், ஏர் டாக்ஸி நிறுவனங்கள், விமான உரிமையாளர்கள் பறக்கவிட்டுக்கொண்டிருக்கும் விமானங்கள்.

இதில் நியாயம் இருக்கிறது. நாளை காலை 6 மணிக்குப் பயணிகளோடு கிளம்பவேண்டிய விமானத்தில் இரவு 2 மணிக்கு வேலை பார்ப்பதும், எங்கும் போகாத விமானத்தில் பகலில் பழகுவதும் ஒன்றல்ல. நேர நெருக்கடி, ஷிஃப்ட் மாற்றம், வராத உதிரிபாகம், மழை என எல்லாவற்றுக்கும் நடுவில் கையேட்டில் உள்ளபடியே வேலையைச் செய்யத் தெரிகிறதா என்பதைத்தான் விதி பார்க்கிறது.

அப்படிப்பட்ட வேலை கிடைக்கும் இடம், பராமரிப்பு அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள். சொந்தப் பராமரிப்புப் பிரிவு வைத்திருக்கும் ஏர்லைன்ஸ் ஒரு பக்கம். ஓசூரில் உள்ள ஏர் வொர்க்ஸ் போன்ற பழுதுபார்ப்பு நிறுவனங்கள் இன்னொரு பக்கம். படிப்பு முடிந்ததும் எல்லோருக்கும் இங்கே இடம் கிடைத்துவிடுவதில்லை. காத்திருக்கும் காலத்தில் வேறு வேலைக்குப் போய், அப்படியே விலகிப்போகிறவர்களும் உண்டு.

அப்படி விலகிப்போகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. கேட்கப்படும் மொத்த அனுபவத்தில் குறைந்தது ஓராண்டு அண்மைக் காலத்தியதாக, எந்தப் பிரிவில் லைசென்ஸ் கேட்கிறார்களோ அந்தப் பிரிவு விமானத்தில் செய்ததாக இருக்க வேண்டும். 'அண்மை' என்பதற்கு ஐரோப்பிய வழிகாட்டுதல் கணக்கே சொல்கிறது. அந்த 12 மாதங்களில் பாதியாவது விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களுக்குள் இருக்க வேண்டும். மீதி, முந்தைய 7 ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். பழைய அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு விண்ணப்பிக்க முடியாது.

'3 வருஷம் வேலை பார்த்தேன்' என்றால் போதாதா?

போதாது. எங்கே, எப்போது, என்ன வேலை பார்த்தார் என்பது படிப்பவருக்குப் புரியும்படி அனுபவம் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது வழிகாட்டுதல். இத்தனை ஆண்டு பராமரிப்பு அனுபவம் உண்டு என்ற மொட்டையான ஒரு வரியை ஏற்க முடியாது என்பதையும் அது தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

ஒரே வேலையை இரண்டு விதமாக எழுதிப் பார்ப்போம்.

முதல் விதம்: 'சக்கரம் மாற்றினேன். 2 மணி நேரம்.'

இரண்டாவது விதம்: 'தேதி, இடம். விமானம் ஏர்பஸ் ஏ320, பதிவு எண். ஏ.டி.ஏ. 32. இடது மெயின் வீல் தேய்மான வரம்பைத் தாண்டியதால் கழற்றி, புதிய வீல் பொருத்துவதில் உதவினேன். ஜாக் வைத்தல், ஆக்ஸில் சுத்தம் செய்தல், நட் டார்க் செய்தல், டயர் பிரஷர் பார்த்தல். பராமரிப்புக் கையேட்டின் பிரிவு எண், டாஸ்க் கார்டு எண். மேற்பார்வையிட்டவரின் பெயர், லைசென்ஸ் எண், கையெழுத்து.'

முதல் வரியை யாரும் எழுதிவிடலாம். இரண்டாவதைச் சரிபார்க்க முடியும். அந்தத் தேதியில் அந்த விமானம் அந்த ஊரில் இருந்ததா, அந்த எண்ணில் டாஸ்க் கார்டு உண்டா, கையெழுத்துப் போட்டவர் அன்று பணியில் இருந்தாரா என எல்லாவற்றுக்கும் நிறுவனத்தின் ஆவணங்களில் பதில் இருக்கும். நல்ல லாக்புக் பதிவு என்பது இன்னோர் ஆவணத்துக்கு வழிகாட்டும் பலகை மாதிரி.

ஏ.டி.ஏ. 32 என்பது என்ன? விமானத்தின் ஒவ்வோர் அமைப்புக்கும் உலகம் முழுக்க ஒரே அத்தியாய எண் உண்டு. 24 என்றால் மின்சாரம். 27 என்றால் விமானத்தைத் திருப்பும், ஏற்றி இறக்கும் கட்டுப்பாட்டு அமைப்புகள். 28 எரிபொருள், 29 ஹைட்ராலிக், 32 லேண்டிங் கியர், 34 நேவிகேஷன். 70-களில் தொடங்கும் எண்கள் இன்ஜினுக்கு. அமெரிக்க விமானப் போக்குவரத்துச் சங்கம் 1956-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. சென்னையில் எழுதிய பதிவை சிங்கப்பூரில் உள்ளவர் புரிந்துகொள்வது இந்த எண்களால்தான்.

ஒரே வேலை ஆயிரம் முறையா, ஆயிரம் வேலை ஒரு முறையா?

லாக்புக்கைப் பார்ப்பவர்கள் பக்கங்களை மட்டும் எண்ணுவதில்லை, வகைகளையும் எண்ணுகிறார்கள். பராமரிப்பு வேலைகளின் எல்லாப் பக்கங்களையும் தொட்டுக்காட்டும் மாதிரியாக அனுபவம் இருக்க வேண்டும் என்கிறது விதி. ஐரோப்பிய வழிகாட்டுதலில் உள்ள லாக்புக் மாதிரி, வேலைகளை எட்டு வகையாகப் பிரிக்கிறது:

• இயக்கிப் பார்த்துச் சோதித்தல்
• சர்வீஸிங்கும் தரைப் பணிகளும்
• பாகங்களைக் கழற்றுதல், பொருத்துதல்
• எந்தக் குறையோடு எத்தனை நாள் பறக்கலாம் என்ற பட்டியலின்படி முடிவெடுத்துப் பதிவுசெய்தல்
• கோளாறு எங்கே என்று கண்டுபிடித்தல்
• மாறுதல்கள் செய்தல்
• பழுதுபார்த்தல்
• பரிசோதித்தல்

புதிதாகச் சேரும் இளைஞருக்கு என்ன வேலை கிடைக்கும்? டயர் மாற்றுவது, ஆயில் ஊற்றுவது, பேனல் திறந்து மூடுவது. சுறுசுறுப்பான பையன் என்றால் அதே வேலைக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள். இரண்டு ஆண்டு முடிவில் நோட்டுப் புத்தகம் நிரம்பியிருக்கும். புரட்டிப் பார்த்தால் முக்கால்வாசி 12, 32 ஆகிய இரண்டே அத்தியாயங்களாக இருக்கும்.

இதைத் தவிர்க்க எளிய வழி இருக்கிறது. மாதக் கடைசியில் ஒரு தாளில் அத்தியாய எண்களை ஒரு பக்கமும், எட்டு வேலை வகைகளை மறுபக்கமும் எழுதி, செய்தவற்றை டிக் அடித்தால் காலியான கட்டங்கள் பளிச்சென்று தெரியும். அந்தத் தாளோடு சூப்பர்வைசரிடம் போய், 'சார், இந்த மாசம் எரிபொருள் சிஸ்டத்துல ஒரு வேலை கிடைக்குமா?' என்று கேட்பது, பொதுவாக 'வேற வேலை குடுங்க' என்று கேட்பதைவிடப் பலன் தரும்.

அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு?

இத்தனை கெடுபிடி தேவைதானா என்று தோன்றலாம். அமெரிக்காவில் 2003-ல் நடந்த விபத்து ஒன்று இதற்குப் பதில் சொல்லும்.

2003 ஜனவரி 8. வட கரோலினா மாநிலம் சார்லட் நகரிலிருந்து கிளம்பிய ஏர் மிட்வெஸ்ட் 5481 என்ற சிறிய விமானம், மேலெழும்பியதும் மூக்கைத் தூக்கிக்கொண்டே போனது. பைலட்டுகளால் அதைக் கீழே இறக்க முடியவில்லை. விமான நிலையத்தின் ஹேங்கர் மீதே விழுந்து நொறுங்கியது. 19 பயணிகளும் 2 பைலட்டுகளும் இறந்துபோனார்கள்.

அதற்கு இரண்டு இரவுகள் முன்பு பராமரிப்பின்போது, வாலில் உள்ள எலிவேட்டரை இயக்கும் கேபிளின் இறுக்கத்தைச் சரிசெய்திருந்தார்கள். அந்த வேலையைச் செய்த மெக்கானிக், பீச்கிராஃப்ட் 1900டி ரக விமானத்தில் அதைச் செய்வது அதுதான் முதல் முறை. வேலையோடு வேலையாகக் கற்றுக்கொண்டிருந்தார். கையேட்டில் இருந்த சில படிகள் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். அதில் ஒரு படியைச் செய்திருந்தால் தவறு அப்போதே தெரிந்திருக்கும். கற்றுக்கொடுக்க வேண்டியவரும், முடிந்த வேலையைப் பரிசோதிக்க வேண்டியவரும் ஒரே ஆளாக இருந்தார். எலிவேட்டர் மூக்கைக் கீழே இறக்கும் திசையில் தன் முழு அளவில் ஏறக்குறைய பாதிதான் அசைந்தது. அந்த நிலையிலும் விமானம் ஒன்பது முறை பறந்து திரும்பியது. பத்தாவது முறை ஆள்களும் பெட்டிகளும் நிறைந்து, எடை பின்பக்கம் கூடியபோது சமாளிக்க முடியவில்லை. எடைக் கணக்கில் இருந்த தவறும் விபத்துக்குக் காரணம் என்றது அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம்.

முதல் முறை செய்வது குற்றமல்ல. எல்லா இன்ஜினீயருக்கும் ஒவ்வொரு வேலையிலும் ஒரு முதல் முறை உண்டு. அந்த முதல் முறையில் பக்கத்தில் நின்று பார்க்க ஒருவர் இருக்க வேண்டும். பார்த்ததற்கு அடையாளம்தான் அவர் போடும் கையெழுத்து. 'இந்தப் பையன் இதைச் சரியாகச் செய்தான், நான் பார்த்தேன்' என்பது அதற்கு அர்த்தம். பார்க்காமல் போட்ட கையெழுத்தால், எதுவும் தெரியாத ஒருவர் எல்லாம் தெரிந்தவராகக் காகிதத்தில் மாறிவிடுகிறார். நாளைக்கு அதை நம்பி, தனியாக வேலை செய்ய அவரை அனுப்புவார்கள்.

மாதக் கடைசியில் நண்பனின் லாக்புக்கைப் பார்த்து அப்படியே காப்பியடிப்பது, செய்யாத வேலையைச் சேர்ப்பது, மொத்தமாக 50 பதிவுகளுக்கு ஒரே நாளில் கையெழுத்து வாங்குவது என எந்தக் குறுக்கு வழியும் ஆபத்தானது. பிடிபட்டால் லைசென்ஸ் கனவு முடிந்துபோகும். பிடிபடாமல் போனால் விலை கொடுப்பவர் வேறு யாரோவாக இருப்பார்.

கம்பெனி மூடிவிட்டால்?

இது கற்பனைக் கேள்வி அல்ல. கிங்ஃபிஷர் 2012-ல் பறப்பதை நிறுத்தியது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில். கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். ஒவ்வொரு முறையும் பைலட்டுகள், விமானப் பணிப்பெண்கள் பற்றிய செய்திகள் வந்த அளவுக்கு ஹேங்கரில் இருந்தவர்களைப் பற்றி வரவில்லை.

நிறுவனம் இயங்கும் வரை, 'இவர் இங்கே இன்னின்ன வேலை பார்த்தார்' என்று சான்று தர அதன் தரப் பிரிவு இருக்கும். மூடிய பிறகு சூப்பர்வைசர்கள் திசைக்கு ஒருவராகப் போய்விடுவார்கள். டாஸ்க் கார்டுகளையும் எந்த நிறுவனமும் காலம் முழுக்க வைத்திருப்பதில்லை. விதி சொல்லும் காலம் முடிந்ததும் அவை அழிக்கப்படலாம். அப்போது லாக்புக்கில் அன்றன்றைக்கு எழுதி, அன்றன்றைக்குக் கையெழுத்து வாங்கிவைத்தவரிடம் ஆதாரம் இருக்கும். 'அப்புறமா மொத்தமா எழுதிக்கலாம்' என்று இருந்தவரிடம் நினைவு மட்டும்தான் இருக்கும்.

நிறுவனம் மூடத்தான் வேண்டும் என்றில்லை. வேலை மாறும்போதும், கையெழுத்துப் போடவேண்டியவர் வளைகுடா நாட்டுக்குப் போய்விடும்போதும் இதே கதைதான். ஒரு நிறுவனத்திலிருந்து விலகும் நாளில் சம்பள பாக்கியைக் கேட்பதுபோலவே, அதுவரையிலான அனுபவச் சான்றையும் கேட்டு வாங்க வேண்டும்.

விமானப்படையில் இருந்து வருபவர்களுக்கு...

தாம்பரம் விமானப்படை நிலையத்தில் பயிற்சி பெற்று, ஆண்டுக்கணக்கில் போர் விமானங்களையும் போக்குவரத்து விமானங்களையும் பராமரித்து ஓய்வுபெறுபவர்கள் பலர். 40 வயதுக்குள் ஓய்வுபெறும் அவர்களுக்கு இந்த லைசென்ஸ் நல்ல இரண்டாவது வாழ்க்கையாக அமையும்.

சிவில் துறைக்கு வெளியே கிடைத்த அனுபவத்தையும் விதி ஏற்கிறது, அது லைசென்ஸுக்குக் கேட்கப்படும் வேலைக்கு இணையானதாக இருந்தால். அதோடு சிவில் விமானப் பராமரிப்பில் கூடுதல் அனுபவமும் வேண்டும். ஐரோப்பிய வழிகாட்டுதலில் இது ஏ பிரிவுக்கு 6 மாதம், பி1, பி2 பிரிவுகளுக்கு 12 மாதம். காரணம் எளிது. இன்ஜின் ஒன்றுதான் என்றாலும் படையில் ஆவணமுறை வேறு, பொறுப்பேற்கும் முறை வேறு. பணியில் இருக்கும்போதே தன் வேலைகளின் விவரங்களை அனுமதிக்கப்பட்ட அளவில் சான்றாக வாங்கிவைப்பது, ஓய்வுக்குப் பிறகான அலைச்சலைக் குறைக்கும்.

லைசென்ஸ் வந்த பிறகு லாக்புக்கைப் பரணில் போடலாமா?

கூடாது. லைசென்ஸுக்கு ஆயுள் 5 ஆண்டு, அதற்குள் புதுப்பிக்க வேண்டும். லைசென்ஸ் கையில் இருந்தாலும், முந்தைய 2 ஆண்டுகளில் குறைந்தது 6 மாத பராமரிப்பு அனுபவம் இருந்தால்தான் அதைப் பயன்படுத்திக் கையெழுத்துப் போட முடியும். ஏ320, போயிங் 737 என்று குறிப்பிட்ட ரக விமானத்தை லைசென்ஸில் சேர்க்கவும் தனிப் பயிற்சி உண்டு. ஒரு பிரிவில் சேர்க்கும் முதல் ரகத்துக்கு, பணியிடத்திலேயே செய்து காட்டிப் பதிவுசெய்யும் பயிற்சியும் வேண்டும்.

பெற்றோரும் மாணவரும் கவனிக்க வேண்டியவை

சேரும் முன்பு:

• கல்லூரியின் சி.ஏ.ஆர். 147 அங்கீகாரம் எந்தப் பிரிவுக்கு, எந்தத் தேதி வரை என்பதை டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் பாருங்கள்.
• இயங்கும் விமானங்களில் பயிற்சி எந்த நிறுவனத்தில், எத்தனை மாதம் என்று எழுத்தில் கேளுங்கள். 'ஏற்பாடு செய்வோம்' என்ற வாய்வார்த்தை போதாது.
• அந்த மாதங்களில் எவ்வளவு, லைசென்ஸுக்கான அனுபவமாக ஏற்கப்படும் என்பதையும் கேளுங்கள்.

வேலையில் சேர்ந்த பிறகு:

• அன்றைய வேலையை அன்றே எழுதுங்கள். ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறும் முன் 10 நிமிடம் போதும்.
• விமானப் பதிவு எண், டாஸ்க் கார்டு எண், கையேட்டுப் பிரிவு எண் ஆகிய மூன்றும் இல்லாமல் எந்தப் பதிவும் வேண்டாம்.
• 'செய்தேன்', 'உதவினேன்', 'பார்த்தேன்' மூன்றும் வேறு வேறு. எது உண்மையோ அதையே எழுதுங்கள்.
• வாரம் ஒருமுறை கையெழுத்து வாங்குங்கள். வேலையைப் பார்த்தவரிடமே வாங்குங்கள்.
• தவறாக எழுதிவிட்டால் வெள்ளை மை தடவாதீர்கள். ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியோடு கையெழுத்திடுங்கள். பழைய எழுத்து தெரிந்தால்தான் நம்பகம்.
• நிரம்பிய ஒவ்வொரு பக்கத்தையும் மொபைலில் ஸ்கேன் செய்து வேறோர் இடத்திலும் சேமித்துவையுங்கள். நிறுவன டாஸ்க் கார்டுகளை அனுமதியின்றிப் படம் எடுக்க வேண்டாம். அவற்றின் எண்கள் உங்களிடம் இருந்தாலே போதும்.

நாம் ஏறும் ஒவ்வொரு விமானமும், 'இது பறக்கத் தகுதியானது' என்று ஓர் இன்ஜினீயர் கையெழுத்திட்ட பிறகே நகர்கிறது. பயணிகள் யாரும் அவரைப் பார்ப்பதில்லை, பெயரும் தெரியாது. அவரை நம்பித்தான் குழந்தைகளோடு ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொள்கிறோம். அந்தக் கையெழுத்தைப் போடும் தகுதி அவருக்கு வந்தது, முன்பு யாரோ ஒருவர் அருகில் நின்று பார்த்துப் போட்ட நூற்றுக்கணக்கான சின்னக் கையெழுத்துகளால். அதனால், இன்று ஹேங்கரில் வேலை முடித்துவரும் பிள்ளையிடம் 'சாப்பிட்டியா?' என்று கேட்கும் அம்மாக்கள், கூடவே 'லாக்புக் எழுதிட்டியா?' என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.